நேத்து தொறந்த ஷேர் ஃபோல்டர் இன்னைக்கு ஏன் தொறக்கல? - பூட்டை உடைக்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

காலை 9.40 மணி. மதுரை கே.கே. நகரில், மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10.30 மணிக்கு வழக்கு. அதற்குள் பதில் மனு பிரிண்ட் ஆக வேண்டும். டைப்பிஸ்ட் அடித்து வைத்த ஃபைல், முன் அறையில் உள்ள பழைய கம்ப்யூட்டரின் ‘ஷேர்’ ஃபோல்டரில் பத்திரமாக இருக்கிறது. ஆனால், ஜூனியரின் லேப்டாப்பில் அது திறக்கவில்லை.

“சார், என்னமோ மெசேஜ் வருது. ‘உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை அனுமதிக்கவில்லை’ன்னு சொல்லுது.”

“நம்ம ஆபீஸே மொத்தம் நாலு பேரு. இதுல என்னய்யா பாதுகாப்புக் கொள்கை? நேத்து வரைக்கும் தொறந்துச்சுல்ல?”

“நேத்து ராத்திரி அப்டேட் ஆயிருக்கு சார்.”

கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவருக்கு போன் போகிறது. அவர் மாட்டுத்தாவணி டிராஃபிக்கில் நிற்கிறார். “தம்பி, ஒரு செட்டிங் அனுப்புறேன். கெஸ்ட் லாகினை ஆன் பண்ணுங்க, சைனிங்கை ஆஃப் பண்ணுங்க. அப்படியே ஃபயர்வாலையும் ஆஃப் பண்ணிட்டு, ஃபோல்டருக்கு ‘எவ்ரிஒன் - ஃபுல் கன்ட்ரோல்’ குடுத்துருங்க. தொறந்துரும்.”

ஃபோல்டர் திறக்கிறது. மனுவும் பிரிண்ட் ஆகிவிடுகிறது. எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் பூட்டு சரியாகவில்லை. கதவையே கழற்றி வைத்துவிட்டார்கள். உள்ளே இருப்பதோ கட்சிக்காரர்களின் சொத்துப் பத்திரம், ஆதார் நகல், வாக்குமூலம். இது வழக்கறிஞர் அலுவலகத்தில் மட்டும் நடப்பதல்ல. ஆடிட்டர் ஆபீஸ், கிளினிக், பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை என்று நாலைந்து கம்ப்யூட்டர்கள் இருக்கும் எந்த இடத்திலும் நடக்கக்கூடியதுதான். ஏன் இப்படி ஆகிறது, எங்கே தேடினால் காரணம் கிடைக்கும் என்று பார்ப்போம்.

இப்போது ஏன் இந்தத் திடீர் சிக்கல்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்தியது. அதனால் பலரும் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள், மாறிக்கொண்டும் இருக்கிறார்கள். விண்டோஸ் 11-ன் ‘24ஹெச்2’ பதிப்பில் இரண்டு விஷயங்கள் ஓசைப்படாமல் மாறின. ஒன்று, ‘புரோ’ வகை கம்ப்யூட்டர்கள் அடையாளம் சொல்லாத ‘கெஸ்ட்’ நுழைவை ஏற்பதில்லை. இரண்டு, ஃபைல் பரிமாற்றம் ஒவ்வொன்றிலும் டிஜிட்டல் கையெழுத்து இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. இதற்குத்தான் ‘சைனிங்’ என்று பெயர்.

இந்த ஏற்பாட்டில் காரணம் இருக்கிறது. கெஸ்ட் நுழைவில், எதிரே இருப்பது நம் ஆபீஸ் கம்ப்யூட்டர்தானா, இல்லை அதன் பெயரில் இன்னொன்று உட்கார்ந்திருக்கிறதா என்று உறுதிசெய்ய வழியே இல்லை. கையெழுத்து இல்லாவிட்டால், போகும் வழியில் யாராவது ஃபைலை மாற்றினாலும் தெரியாது.

ஆக, நம் கதையில் அந்த லேப்டாப் கெட்டுப்போகவில்லை. அது தன் வேலையைத்தான் செய்தது. பல வருடமாகப் பாஸ்வேர்டே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஷேர் ஃபோல்டர்தான் இப்போது மாட்டிக்கொண்டது.

ஒரே ஆபீஸில் மூன்று சாதி மெஷின்கள்

இன்னொரு சிக்கல், ஒரே அறையில் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றும் இருப்பது. தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2000-களின் பிற்பகுதியில் அரசு நிறுவனமான எல்காட், அப்போதைய நிர்வாக இயக்குநர் சி.உமாசங்கர் காலத்தில், தன் கம்ப்யூட்டர்களைச் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றியது. சென்னை சி-டாக் மையம் ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸை உருவாக்கியது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. நீதிமன்றங்களிலோ, உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டி உபுண்டு லினக்ஸைத் தேர்ந்தெடுத்தது. ஆக, கோர்ட்டுக்குள் உபுண்டு, தெருவைத் தாண்டி வந்தால் வழக்கறிஞர் ஆபீஸில் விண்டோஸ், ஜூனியர் கையில் மேக்புக்.

இவை எல்லாம் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் பொதுமொழிக்கு எஸ்.எம்.பி என்று பெயர். 1983-ல் ஐ.பி.எம் நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியது அது. பின்னாளில் மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. அந்த மொழியை மற்ற கம்ப்யூட்டர்களும் பேச ‘சம்பா’ என்ற இலவச மென்பொருள் வந்தது. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆண்ட்ரூ டிரிட்ஜல் 1990-களின் தொடக்கத்தில் அதை எழுத ஆரம்பித்தார். எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடியபோது கிடைத்த பெயர்தான் ‘சம்பா’. நம்ம ஊர் சம்பா நெல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை!

மைக்ரோசாஃப்ட் தன் மொழியின் இலக்கணத்தை வெளியே சொல்லாததால், போகும் வரும் செய்திகளைக் கவனித்துக் கவனித்தே சம்பா குழுவினர் பல வருடம் வேலை செய்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டிச் சட்ட வழக்கில் 2007-ல் மைக்ரோசாஃப்ட் தோற்றது. அதே ஆண்டு டிசம்பரில் 10,000 யூரோ கட்டணத்துக்கு அந்த ஆவணங்கள் சம்பா குழுவினருக்குக் கிடைக்க வழி பிறந்தது. 2012 டிசம்பரில் வெளியான சம்பா 4, விண்டோஸ் டொமைனையே நடத்தும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

ஒர்க்குரூப்பா, டொமைனா?

அது என்ன டொமைன்? நாலைந்து கம்ப்யூட்டர் இருக்கும் ஆபீஸ்களில் பெரும்பாலும் இருப்பது ‘ஒர்க்குரூப்’. இதில் ஒவ்வொரு மெஷினும் தனித்தனி வீடு மாதிரி. யாரை உள்ளே விடலாம் என்ற பட்டியலை ஒவ்வொரு வீடும் தனியாக வைத்திருக்கும். உங்கள் லேப்டாப்புக்கு உங்களைத் தெரியும் என்பதற்காக முன் அறைக் கம்ப்யூட்டருக்கும் தெரியும் என்று அர்த்தம் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரி, கம்பெனிகளில் ‘டொமைன்’ இருக்கும. விண்டோஸ் 2000-உடன் வந்த ‘ஆக்டிவ் டைரக்டரி’தான் இதில் பிரபலம். பட்டியல் ஒரே இடத்தில், டொமைன் கன்ட்ரோலர் என்ற சர்வரில் இருக்கும். மற்ற எல்லா மெஷினும் அதைக் கேட்டுத்தான் கதவைத் திறக்கும்.

டொமைனில் அடையாளம் பார்க்கும் முறைக்குக் கெர்பராஸ் என்று பெயர். அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் 1980-களில் பிறந்தது. தமுக்கம் மைதானத்தில் சித்திரைப் பொருட்காட்சிக்குப் போயிருக்கிறீர்களா? வாசலில் ஒரு நுழைவு டிக்கெட். உள்ளே போனபிறகு ராட்டினத்துக்குத் தனி டிக்கெட். கெர்பராஸும் ஏறக்குறைய அப்படித்தான். காலையில் லாகின் செய்ததும் டொமைன் கன்ட்ரோலர் ஒரு நுழைவு டிக்கெட் தரும். ஷேர் ஃபோல்டரைத் திறக்கும்போது, அந்த டிக்கெட்டைக் காட்டி ஃபைல் சர்வருக்கென்று தனி டிக்கெட்டை உங்கள் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும். பாஸ்வேர்டு நெட்வொர்க்கில் பயணம் செய்வதே இல்லை. அதுதான் இதன் அழகு.

ஆனால் டிக்கெட் என்று வந்துவிட்டால் கவுன்டர் எங்கே என்று தெரிய வேண்டும், டிக்கெட்டில் உள்ள நேரம் பொருந்த வேண்டும். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் கதவு திறக்காத பல சிக்கல்கள் இந்த இரண்டில்தான் ஒளிந்திருக்கும்.

இனி அந்த ஐந்து கேள்விகள். இதே வரிசையில் கேட்டால் நேரம் மிச்சம்.

கேள்வி 1: வழி தெரிகிறதா?

முதலில் இரண்டு மெஷினும் ஒரே நெட்வொர்க்கில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். லேப்டாப் தெரியாமல் மொபைல் ஹாட்ஸ்பாட்டிலோ, விருந்தினருக்கான வைஃபையிலோ சேர்ந்திருக்கலாம். அப்படியென்றால் ஆபீஸ் கம்ப்யூட்டர் அதன் கண்ணுக்கே தெரியாது. விண்டோஸ் அந்த நெட்வொர்க்கை ‘பப்ளிக்’ என்று குறித்திருந்தாலும் ஷேரிங் அடைபட்டிருக்கும். ஆபீஸ் நெட்வொர்க்கை ‘பிரைவேட்’ என்று மாற்றினால் போதும், ஃபயர்வாலையே அணைக்க வேண்டியதில்லை.

அடுத்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வராத கம்ப்யூட்டர், 192.168.1.10 என்பது போன்ற ஐ.பி எண்ணைச் சொன்னால் வருகிறதா? வந்தால் கோளாறு பாஸ்வேர்டில் இல்லை, பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ்-ல் இருக்கிறது. டொமைன் உள்ள இடத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் டி.என்.எஸ்-ம் டொமைன் கன்ட்ரோலரைக் காட்ட வேண்டும். ‘நெட் ஸ்பீடா வரும்’ என்று யாராவது அதை 8.8.8.8 என்று மாற்றியிருந்தால், இன்டர்நெட் ஜோராக வரும், டொமைன் வராது. உங்கள் ஆபீஸ் சர்வர் எங்கே என்று கூகுளின் டி.என்.எஸ்-க்கு எப்படித் தெரியும்?

கேள்வி 2: மணி என்ன?

கெர்பராஸ் டிக்கெட்டில் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் டொமைனில் வழக்கமாக இரண்டு கடிகாரங்களுக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இருந்தால் டிக்கெட் செல்லாது. பழைய டிக்கெட்டை யாராவது திருடி மறுபடி நீட்டிவிடக் கூடாது என்பதற்கான காவல் அது.

பழைய கம்ப்யூட்டர்களில் மதர்போர்டில் இருக்கும் வட்டமான பேட்டரி தீர்ந்துபோயிருக்கும். கரன்ட் போய் வந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். சின்னப் பேட்டரி ஒன்றை மாற்றினால் சரியாகும் விஷயத்துக்கு, விண்டோஸையே அழித்துத் திரும்பப் போடுபவர்களும் உண்டு.

இந்தியாவுக்கே உரிய அடையாளம் ஒன்றும் இருக்கிறது. ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால், மெஷினின் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக எழுதும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கும். விளைவு, விண்டோஸில் மணி சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். கடிகாரம் திருத்தப்படும்வரை டொமைன் உள்ளே விடாது. ஐந்தரை மணி நேர வித்தியாசத்தைப் பார்த்தால் காரணம் இதுதானா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி 3: இரண்டும் ஒரே மொழி பேசுகின்றனவா?

எஸ்.எம்.பி-யில் 1, 2, 3 என்று தலைமுறைகள் உண்டு. முதல் தலைமுறை ஆபத்தானது என்பதால், 2017 இலையுதிர்காலப் பதிப்பில் இருந்தே புதிய விண்டோஸ் 10-ல் அது வழக்கமாக இருப்பதில்லை. ஆனால் பழைய நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிகளும், ஸ்கேன் செய்து நேராக ஃபோல்டருக்கு அனுப்பும் பழைய ஜெராக்ஸ் மெஷின்களும் அந்த ஒரு மொழியைத்தான் பேசும். ‘கம்ப்யூட்டர் மாத்துனதுல இருந்து ஸ்கேன் வரல’ என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் இதுவே.

அந்தப் பெட்டியின் செட்டிங்கில் எஸ்.எம்.பி 2 அல்லது 3 இருக்கிறதா, கம்பெனி புதிய ஃபர்ம்வேர் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்கேனை மெயிலுக்கோ பென்டிரைவுக்கோ அனுப்பிக்கொள்ளலாம். ஒரு மெஷினுக்காக எல்லாக் கம்ப்யூட்டரிலும் எஸ்.எம்.பி 1-ஐ எழுப்பி உட்கார வைப்பதுதான் கூடாது.

கேள்வி 4: நீங்கள் யார் என்று சொல்கிறீர்கள்?

தினமும் லேப்டாப்பைத் திறக்க நாலு இலக்க ‘பின்’ போடுகிறீர்கள். அதையே ஷேர் ஃபோல்டருக்கும் போடுகிறீர்களா? அது செல்லாது. பின் எண் அந்த ஒரு மெஷினுக்குள் மட்டும்தான். எதிர்க் கம்ப்யூட்டரில் இருக்கும் யூசர் பெயரும் அதன் பாஸ்வேர்டும்தான் வேண்டும்.

எப்போதோ சேமித்த பழைய பாஸ்வேர்டை விண்டோஸ் தானாகவே நீட்டிக்கொண்டிருக்கலாம். ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ பகுதியில் போய் அதை நீக்குங்கள். டொமைனில் பாஸ்வேர்டை மாற்றிய பிறகு அக்கவுன்ட் அடிக்கடி லாக் ஆனால், உங்கள் பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு போனோ ஸ்கேனரோ எங்கோ கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

லினக்ஸ் சர்வரில் இன்னொரு பொறி. லினக்ஸில் யூசர் உருவாக்கியது மட்டும் போதாது. தனியாக இயங்கும் சம்பா சர்வர், தனக்கென்று வேறொரு பாஸ்வேர்டு பட்டியல் வைத்திருக்கும். அதிலும் சேர்க்க வேண்டும்.

டொமைனில் மனிதர்களுக்கு மட்டுமல்ல, கம்ப்யூட்டருக்கும் பாஸ்வேர்டு உண்டு. விண்டோஸ் அதை வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை தானே மாற்றிக்கொள்ளும். பழைய பேக்கப்பில் இருந்து மெஷினை மீட்டால், அதன் கையில் பழைய பாஸ்வேர்டு இருக்கும். டொமைனிடம் புதியது இருக்கும். ‘நம்பிக்கை உறவு முறிந்தது’ என்று மெசேஜ் வரும். டொமைனோடு மறுபடி இணைத்தால் சரியாகும். ஆனால் அதற்கு முன், அந்தக் கம்ப்யூட்டரின் உள்ளூர் அட்மின் பாஸ்வேர்டு தெரியுமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெளியே வந்த பிறகு நீங்களே உள்ளே போக முடியாது.

கேள்வி 5: உள்ளே என்ன அனுமதி?

‘ஆக்சஸ் டினைட்’ என்று வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது ஒருவகையில் நல்ல செய்தி. வழி, நேரம், மொழி, ஆள் நான்கும் சரி, அனுமதி மட்டும்தான் பாக்கி என்று அர்த்தம்.

விண்டோஸில் ஷேர் ஃபோல்டருக்கு இரண்டு கதவு. ஷேர் அனுமதி ஒன்று, டிஸ்க்கில் உள்ள ஃபோல்டர் அனுமதி இன்னொன்று. இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். ஒன்றில் ‘ஃபுல் கன்ட்ரோல்’ கொடுத்துவிட்டு ஏன் சேவ் ஆகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இன்னொரு கதவைப் பார்த்திருக்க மாட்டார்கள். லினக்ஸிலும் இப்படித்தான்: சம்பாவில் எழுத அனுமதி இருந்தாலும், ஃபோல்டர் வேறு ஒருவர் பெயரில் இருந்தால் எழுத முடியாது.

தமிழில் ஃபைலுக்குப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ‘கோ’ என்ற எழுத்தின் துணைக்குறியைக் கம்ப்யூட்டர் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். பழைய மேக்குகள் பிரித்துத்தான் வைக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். லினக்ஸ் சர்வருக்கு வேறு வேறு. ஒரே பெயரில் இரண்டு ஃபைல் தெரிந்தாலோ, கண்முன் இருக்கும் ஃபைல் தேடலில் சிக்காவிட்டாலோ இதையும் சந்தேகப்படுங்கள்.

கதவைக் கழற்றினால் என்ன ஆகும்?

2017 மே 12-ம் தேதி ‘வான்னக்ரை’ என்ற ரேன்சம்வேர் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் ரத்தாகின. அது பரவிய வழி, மேலே சொன்ன எஸ்.எம்.பி 1-ல் இருந்த ஓட்டை. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு பாடம் உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் சைபர் தாக்குதல் என்ற செய்தி 2019 அக்டோபரில் பரவியபோது, அப்படி நடக்க வாய்ப்பில்லை என்று நிலையத் தரப்பு முதலில் சொன்னது. மறுநாள், அக்டோபர் 30-ல், மால்வேர் கண்டறியப்பட்டது உண்மை என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ம் தேதியே செர்ட்-இன் அமைப்பு தகவல் தந்திருந்தது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட்டோடு இணைந்த நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டர்தான். அணு உலை சார்ந்த உள் நெட்வொர்க் தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்றது அந்த அறிக்கை.

வெளியே கசிந்த அந்த மால்வேர் மாதிரியைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள் கவனித்தது இன்னொன்று. கூடங்குளம் டொமைனின் பெயரில் ஒரு அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுன்ட்டும் அதன் பாஸ்வேர்டும் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. அவற்றைக் கொண்டு உள் நெட்வொர்க் கம்ப்யூட்டர் ஒன்றின் சி-டிரைவ் ஷேரைத் திறக்கும் கட்டளையும் இருந்தது. அட்மின் பாஸ்வேர்டும் ஷேரும் தவறான கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். ‘அவசரத்துக்கு எல்லாரும் அட்மின் பாஸ்வேர்டையே போட்டுக்கங்க’ என்று சொல்லும் ஆபீஸ்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

சட்டமும் இனி கேட்கும். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தகவல்களைக் காக்கத் தேவையான ஏற்பாடு செய்யாவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

சரி, 9.40-க்கு என்ன செய்திருக்கலாம்?

திரும்ப அந்தக் கே.கே. நகர் ஆபீஸுக்கு வருவோம். ஜூனியரின் லேப்டாப் தெளிவாகத்தான் சொன்னது: ‘அடையாளம் இல்லாமல் உள்ளே போக மாட்டேன்.’ அதாவது நான்காவது கேள்வி.

முன் அறைக் கம்ப்யூட்டரில் ஜூனியர் பெயரில் ஒரு சாதாரண யூசர், அதற்கு ஒரு பாஸ்வேர்டு. அந்த வழக்கு ஃபோல்டருக்கு மட்டும், இரண்டு கதவிலும் அந்த யூசருக்கு அனுமதி. லேப்டாப்பில் ஒருமுறை அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் ஃபோல்டர் திறக்கும். சில நிமிட வேலை. ஃபயர்வாலை அணைக்க வேண்டாம், கெஸ்ட்டை எழுப்ப வேண்டாம். அதற்கும் நேரம் இல்லையென்றால், அந்த ஒரு ஃபைலைப் பென்டிரைவில் எடுத்து பிரிண்ட் போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போகலாம். சாயங்காலம் வந்து நிதானமாகப் பூட்டைச் சரிசெய்யலாம்.

ஏற்கெனவே அவசரத்தில் கதவைக் கழற்றி வைத்தவர்கள் இன்றைக்கே மூன்றைப் பாருங்கள். ஃபயர்வால் ஆன் ஆகியிருக்கிறதா? ஷேர் பட்டியலில் ‘எவ்ரிஒன்’ இன்னும் இருக்கிறதா? எஸ்.எம்.பி 1 விழித்திருக்கிறதா? அடுத்த முறை சர்வீஸ் அண்ணனுக்கு போன் போடும்போது, “தொறக்க மாட்டேங்குதுண்ணே” என்பதோடு நிறுத்தாமல், திரையில் வந்த மெசேஜை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். ஐந்தில் எந்தக் கேள்வி என்று அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.